ஈசிடி பனிச் சோதனை 13-ஆவது தட்டில் உடைந்தது. 34 டிகிரி சரிவில் இறங்கலாமா?

கேள்வி
3 நாளுக்கு முன் 40 செ.மீ. புதுப்பனி, கூடவே பலத்த மேற்குக் காற்று. இப்போது வானம் தெளிவு. பனிச்சரிவு எச்சரிக்கை 5-க்கு 3. நாங்கள் பார்த்துவைத்திருப்பது கிழக்கு முகச் சரிவு, 34 டிகிரி. குழி வெட்டி ஈசிடி (வெட்டிய பனித்தூணின் ஒரு முனையில் தட்டி, உள்ளே பலவீனமான படலம் உடைகிறதா என்று பார்க்கும் சோதனை) செய்தோம்: 13-ஆவது தட்டில், 45 செ.மீ. ஆழத்தில் விரிசல் தூணின் மறுமுனை வரை ஓடியது. 13 வரை தாங்கியதால் பரவாயில்லை என்று கொள்ளலாமா? அதே சரிவில் நேற்றைய ஸ்கீ தடங்கள் இரண்டு இருக்கின்றன.

பதில் 1
இறங்காதீர்கள். ஈசிடியில் முதலில் பார்க்க வேண்டியது தட்டு எண்ணிக்கையை அல்ல, விரிசல் 90 செ.மீ. தூண் முழுக்க ஓடியதா என்பதை. ஓடிவிட்டது. அப்படியென்றால் மேலிருக்கும் ஸ்லாப் (இறுகி ஒட்டிய பனி அடுக்கு) ஒரே தகடாகப் பெயரக்கூடியது. மேற்குக் காற்று வாரிய பனி கிழக்கு முகத்தில்தான் குவியும். அதனால் சில இடங்களில் அது 40 செ.மீ.க்கு மேலும் இருக்கும். ஸ்லாப் பனிச்சரிவுகள் பெரும்பாலும் கிளம்பும் 30–45 டிகிரிக்குள்தான் உங்கள் சரிவும் இருக்கிறது.

பதில் 2
தடங்களை நம்ப வேண்டாம். ஸ்லாப் தடித்த இடத்தில் ஆள் எடை கீழே உள்ள பலவீனமான படலத்தை எட்டாமல் போகலாம். பாறை ஓரம், மேடு போல மெலிந்த இடத்தில் மூன்றாவது ஆள் கால் வைத்ததும் மொத்தமும் உடையலாம்.

உடைந்த பரப்பிலிருந்து படிகங்களை எடுத்து லென்ஸில் பாருங்கள். இறகு மாதிரி இருந்தால் புதைந்த சர்ஃபேஸ் ஹோர் (பனிப்பரப்பின் மேல் படிந்த உறைபனி), சர்க்கரை மணி மாதிரி உதிர்ந்தால் ஃபாசெட் (ஒன்றோடொன்று ஒட்டாத பனிப் படிகம்). புதுப்பனி சில நாளில் இறுகிக்கொள்ளும். இவை இரண்டும் வாரக்கணக்கில் பலவீனமாகவே கிடக்கும். இன்னும் 2 நாள் பொறுத்தால் சரியாகிவிடும் என்ற கணக்கு இங்கே செல்லாது.

கேள்வி கேட்டவர்
அப்படியானால் பக்கத்தில் உள்ள 26 டிகிரி சரிவு?

பதில் 1
அதன் தலைக்கு மேல் செங்குத்தான சரிவு எதுவும் தொடரவில்லை என்றால் போகலாம். தொடர்ந்தால், கீழே நின்றே மேலே உள்ளதைக் கிளப்பிவிட முடியும். கோணத்தைக் கிளினோமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். 20 மீட்டர் உயரத்துக்கு ஒரு கோடு போட்ட வரைபடத்தில் சிறு செங்குத்து மேடுகள் மறைந்துபோகும். காலடியில் 'வும்ப்' என்று பனி அமுங்கும் சத்தம் கேட்டாலோ, ஸ்கீ முனையிலிருந்து விரிசல் ஓடினாலோ அங்கேயே திரும்பிவிடுங்கள்.

பதில் 2
டிரான்ஸீவர் (புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் சிக்னல் கருவி) அனுப்பும் நிலையில் இருக்கும்போது போனை 20 செ.மீ., தேடும்போது 50 செ.மீ. தள்ளி வையுங்கள். புதைந்தவருக்கு முதல் 10 நிமிடம்தான் நல்ல வாய்ப்பு. ப்ரோப் (பனிக்குள் குத்தித் தேடும் நீளக் கம்பி) ஆள்மேல் தட்டுப்பட்டதும் அதை எடுக்காமல், சரிவின் கீழ்ப்பக்கமாக, புதைந்த ஆழத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்திலிருந்து தோண்டத் தொடங்குங்கள்.