மும்பை துறைமுகத்தில் சின்னப் படகில் தூண்டில்: யார் யாருக்கு வழி விடணும்?

செம்பூர் தூண்டில்:
வணக்கம். எங்களிடம் 18 அடி ஃபைபர் படகு, 40 குதிரைசக்தி அவுட்போர்டு. ஞாயிறு அதிகாலையில் கேட்வேக்கும் எலிபென்டாவுக்கும் இடையே தூண்டில் போடுகிறோம். எலிபென்டா லாஞ்ச், மாண்ட்வா ஃபெர்ரி, கோலி மீனவர் படகுகள், நவசேவா துறைமுகத்துக்கு வரும் கண்டெய்னர் கப்பல் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நெருக்குகின்றன. மீன்பிடிக்கிற படகுக்கு இன்ஜின் படகு வழி விட வேண்டும் என்று விதி இருக்கிறதாமே? தூண்டில் நீரில் இருக்கும்போது ஃபெர்ரிதான் விலக வேண்டுமா? நங்கூரம் எங்கே போடலாம், இருட்டில் என்ன விளக்கு வேண்டும், கோலிக்காரர் வலையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குளச்சல் கடலோடி:
தம்பி, விதி இருக்கு. ஆனா அது உங்களுக்கு இல்ல. கடல்ல மோதலைத் தடுக்கிற 1972 சர்வதேச விதிகளில் 3ஆவது விதியைப் பாருங்க. வலை, நெடுந்தூண்டில், டிரால் (இழுவலை) மாதிரி, படகைத் திருப்ப முடியாமப் பண்ற சாதனத்தோட மீன் பிடிக்கிறதைத்தான் அது "மீன்பிடிப் படகு"ன்னு கணக்கில் எடுக்குது. கைத்தூண்டில், ராடு, பின்னால இழுத்துட்டுப் போற தூண்டில் எதுவும் இதில் வராது. நரம்பைச் சுத்திட்டு ஒரு நிமிஷத்துல நீங்க கிளம்பிடலாம் இல்லையா? அதனால நீங்க சாதாரண இன்ஜின் படகுதான்.

இன்ஜினை அணைச்சு நீரோட்டத்தோட மிதந்தாலும் கணக்கு மாறாது. நங்கூரம் போடாத, கரையில் கட்டாத, தரை தட்டாத எந்தப் படகும் "ஓடிக்கிட்டிருக்கிற" படகுதான். குறுக்கே வர்ற ஃபெர்ரி உங்க வலது பக்கம் தெரிஞ்சா விலக வேண்டியது நீங்க. இன்ஜின் அணைஞ்சிருக்குன்னு சொல்லித் தப்பிக்க முடியாது. ஒருத்தர் கை எப்பவும் சாவி பக்கத்துல இருக்கட்டும்.

இன்னொண்ணு, 9ஆவது விதி. குறுகிய சேனல்ல, அதாவது கப்பல் போற ஆழமான நீர்வழியில, 20 மீட்டர் நீளத்துக்குக் குறைவான படகு, அந்தச் சேனலை விட்டு வெளிய போக முடியாத கப்பலை மறிக்கக் கூடாது. நெசமான மீன்பிடிப் படகுக்கே அங்க சலுகை கிடையாது. வலை விரிச்சிருந்தாலும் சேனல்ல போற கப்பலுக்கு இடைஞ்சல் பண்ணக் கூடாது.

மஸ்கான் மாலுமி:
கப்பல் மேல்தளத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று தெரிந்தால் எவரும் சேனலில் தூண்டில் போட மாட்டார்கள். கப்பல் கட்டும் விதிப்படியே, அணியத்துக்கு (கப்பலின் முன்முனைக்கு) முன்னால் கப்பல் நீளத்தைப் போல இரண்டு மடங்கு அல்லது 500 மீட்டர், இரண்டில் எது குறைவோ அந்தத் தூரம் வரை கடல் மறைந்திருக்கலாம். பெரிய கண்டெய்னர் கப்பலில் அது 500 மீட்டர். 10 நாட் (மணிக்கு 10 கடல் மைல்) வேகத்தில் அந்த 500 மீட்டரைக் கடக்க ஒன்றரை நிமிடம்தான் ஆகும். அந்தத் தூரத்துக்குள் உங்கள் படகு இருந்தால் கப்பலுக்கு வழிகாட்டும் பைலட்டின் கண்ணுக்கே தெரியாது. தெரிந்தாலும் நிறுத்த முடியாது. திருப்பினால் சேற்றில் ஏறும். 2010 ஆகஸ்ட் 7 அன்று எம்எஸ்சி சித்ரா, கலீஜியா 3 என்ற இரண்டு கப்பல்கள் மோதியது இந்தத் துறைமுக வாயிலில்தான். கண்டெய்னர்கள் கடலில் மிதந்து, கப்பல் போக்குவரத்து நின்றே போனது.

சேனலைக் கடந்தே ஆக வேண்டுமென்றால் நேர் குறுக்காக, ஒரே மூச்சில் கடந்துவிடுங்கள். கப்பலின் பின்பக்கமாகப் போங்கள். நீளவாக்கில் போவதென்றால் மிதவை வரிசைக்கு வெளியே போங்கள். மிதவை நிறங்களுக்கான சர்வதேச முறையில் இந்தியா ஐஏஎல்ஏ 'ஏ' பகுதி என்பதால், கடலிலிருந்து உள்ளே வரும்போது சிவப்பு மிதவை இடப்பக்கம், பச்சை வலப்பக்கம். உங்கள் படகுக்கு வெளிப்பக்க ஆழமே போதும், ஆனால் வற்று நேரத்தில் சேற்றுத் திட்டு எங்கே என்று வரைபடத்தில் பார்த்துவிட்டுப் போங்கள்.

மோதல் வருமா என்று கண்டுபிடிக்க எளிய வழி: வரும் படகை உங்கள் படகின் ஒரு கம்பியோடு நேர்கோட்டில் வைத்துப் பாருங்கள். உங்கள் திசையும் வேகமும் மாறாமலிருக்க, ஒரு நிமிடம் கழித்தும் அது அதே கம்பியில் நின்று பெரிதாகிக்கொண்டே வந்தால் மோதப்போகிறீர்கள். உடனே, எதிராளிக்குத் தெளிவாகத் தெரியும் அளவுக்கு, வலப்பக்கம் நன்றாகத் திருப்புங்கள். அஞ்சு டிகிரி, பத்து டிகிரி என்று கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால் எதிரே வருபவருக்கு நீங்கள் திருப்பியதே தெரியாது.

தாராவி வலைஞன்:
நங்கூரம் போட்டு நின்னா அப்புறம் எல்லாரும் நமக்குத்தானே வழி விடணும்? அதான் சுலபம்.

குளச்சல் கடலோடி:
இல்ல தம்பி, இதை நம்பித்தான் பலர் மாட்டுறாங்க. குறுகிய சேனல்ல நங்கூரம் போடறதை முடிஞ்சவரை தவிர்க்கணும்னு அதே 9ஆவது விதி சொல்லுது. ஃபெர்ரி ஓடுற நேர்கோட்டிலும் போடாதீங்க. எண்ணெய் ஜெட்டி, கடற்படைத் தளம் பக்கம் போகவே வேண்டாம். மிதவையில படகைக் கட்டுறதும் தப்பு. நங்கூரம் போட்டு நிக்கிற பெரிய கப்பலோட அணியத்துக்கு முன்னாலயும் நிக்காதீங்க. நீரோட்டம் உங்களை அதோட சங்கிலியில கொண்டுபோய் ஒட்ட வச்சுடும், படகு பக்கவாட்டில் கவிழ்ந்துடும்.

சரியான இடத்துல போடும்போதும் மும்பை ஓதத்தைக் கணக்குப் பண்ணுங்க. அமாவாசை, பௌர்ணமி ஒட்டி நாலு மீட்டருக்கு மேல ஏறி இறங்கும். வற்றுல 6 மீட்டர் ஆழம்னா ஏத்தத்துல 10.5. அணிய உயரம் 1 மீட்டர் சேர்த்தா 11.5. அதுக்கு அஞ்சு மடங்கு கயிறுன்னா 57.5, ஏறக்குறைய 60 மீட்டர். வற்றுல பார்த்துட்டு 30 மீட்டர் மட்டும் விட்டா, ஏத்தத்துல கயிறு இரண்டரை மடங்குதான் இருக்கும், நங்கூரம் பெயர்ந்து சேனல் பக்கம் இழுத்துட்டுப் போகும். நங்கூரத்துக்கும் கயிறுக்கும் நடுவுல 3 முதல் 5 மீட்டர் சங்கிலி போடுங்க. எப்பவும் அணியத்திலிருந்துதான் கட்டணும். பின்பக்கம் கட்டினா அவுட்போர்டு எடையோட அந்தப் பக்கம் அமுங்கி, தண்ணி உள்ள வந்துடும்.

ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஓட்டம் திரும்பும்போது படகும் சுத்தும். 60 மீட்டர் கயிறுன்னா சுத்துற வட்டமும் அவ்வளவு பெரிசு, அந்த வட்டத்துக்குள்ள இன்னொரு படகோ வலையோ இருக்கக் கூடாது. கயிறோட நுனியில ஒரு கேன் மிதவை கட்டி வைங்க. அவசரம்னா இழுக்க நேரமில்லாம அவுத்து விட்டுட்டுக் கிளம்பலாம், பிறகு வந்து எடுத்துக்கலாம்.

மஸ்கான் மாலுமி:
விளக்கு விஷயத்தில் ஒன்று கவனியுங்கள். 7 மீட்டருக்குக் குறைந்த படகுக்கு ஒரு வெள்ளை விளக்கே போதும் என்று பலர் சொல்வார்கள். அந்தச் சலுகை, அதிகபட்ச வேகம் 7 நாட்டைத் தாண்டாத படகுக்கு மட்டும். 40 குதிரைசக்தியில் நீங்கள் அதைத் தாண்டிவிடுவீர்கள். ஆக, சுற்றிலும் தெரியும் வெள்ளை விளக்கு, அதற்குக் குறைந்தது 1 மீட்டர் கீழே சிவப்பு, பச்சைப் பக்க விளக்குகள், எல்லாமும் வேண்டும். வெள்ளை 2 கடல் மைல், பக்க விளக்கு 1 கடல் மைல் தூரம் தெரிய வேண்டும். நங்கூரமிட்டால் பக்க விளக்குகளை அணைத்து வெள்ளையை மட்டும் எரியவிடுங்கள். ஃபைபர் ரேடாரில் சரியாகத் தெரியாது, ரேடார் பிரதிபலிப்பான் ஒன்றை உயரத்தில் கட்டுங்கள்.

மற்றவர் விளக்கையும் படியுங்கள். பச்சைக்குக் கீழே வெள்ளை என்றால் டிராலர். சிவப்புக்குக் கீழே வெள்ளை என்றால் வேறு வலை. செங்குத்தாக இரண்டு அல்லது மூன்று வெள்ளை தெரிந்தால் பின்னால் இழுவையில் பார்ஜ் இருக்கும். இழுக்கும் படகுக்கும் பார்ஜுக்கும் நடுவே எக்காரணத்துக்கும் போகாதீர்கள். கம்பிவடம் நீருக்கடியில் இருக்கும். ஐந்து குறுகிய ஊதல் கேட்டால் "நீ என்ன செய்கிறாய் என்று புரியவில்லை" என்று பொருள். உங்களைச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு உடனே விலகுங்கள்.

செம்பூர் தூண்டில்:
நன்றி அண்ணே. கோலிக்காரர் வலை பற்றி? போன வாரம் ஒருவர் கத்தினார், என்ன சொன்னார் என்றே புரியவில்லை.

குளச்சல் கடலோடி:
அநேகமா டோல் வலையா இருக்கும். ஓட்டத்துக்கு எதிரா வாய் திறந்து, ஒரே இடத்துல பிடிச்சு நிறுத்தியிருப்பாங்க, பொம்பில் (பாம்பே டக்) மாதிரி மீனுக்கு. ஓட்டம் வேகமா இருக்கும்போது மிதவை தண்ணிக்குள்ள அமுங்கிடும். மிதவை தெரியலைன்னா வலை இல்லைன்னு நினைக்காதீங்க. ஒண்ணைப் பார்த்தா, அந்த வரிசையில இன்னும் இருக்கும்னு வச்சுக்கிட்டு, ஓட்டத்துக்கு மேற்பக்கம் நிக்காம நல்லாத் தள்ளிச் சுத்திப் போங்க. இன்ஜின் நின்னா நேரா வலைக்குள்ளதான் போவீங்க. சந்தேகம்னா மெதுவாப் பக்கத்துல போய் "பாவு, ஜால் கிதர் தக் ஹை?" (அண்ணே, வலை எதுவரைக்கும் இருக்கு?)ன்னு கேளுங்க, கையைக் காட்டுவாங்க.

புரொப்பெல்லர்ல வலை சிக்கினா முதல்ல இன்ஜினை அணைங்க. ரிவர்ஸ் போட்டா இன்னும் இறுகும். சாவியை எடுத்துட்டு அவுட்போர்டைத் தூக்குங்க, சுத்துன திசைக்கு எதிரா கையால பிரிங்க. கத்தியை எடுக்கறதுக்கு முன்னால வலைக்காரரைக் கூப்பிடுங்க. எங்க அறுத்தா மறுபடி முடிய முடியும்னு அவருக்குத்தான் தெரியும். சேனல் பக்கம் அடிச்சிட்டுப் போற மாதிரி இருந்தா விஎச்எஃப் ரேடியோவுல 16ஆவது சேனல்ல சொல்லிடுங்க, ரேடியோ இல்லைன்னா கடலோரக் காவல்படைக்கு 1554.