புதுப்பிப்பு: வள்ளி திருமணம், பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள்

எங்கள் குழு போட்ட 'வள்ளி திருமணம்' நாடகத்தைப் பார்த்தவர்கள் "நல்லா இருந்தது" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள், மனதில் பட்டதை எப்படிக் கேட்டு வாங்குவது என்று போன மாதம் கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

இரண்டாவது முறை போட்டபோது முயன்று பார்த்தோம். வாட்ஸ்அப் படிவத்தை நிரப்பியவர்கள் 4 பேர்தான். பலன் தந்தது துண்டுச்சீட்டு யோசனை: பெயர் வேண்டாம், "எந்த இடத்தில் கவனம் சிதறியது?" என்று ஒரே கேள்வி. வந்திருந்த 120 பேரில் 71 பேர் எழுதிக் கொடுத்தார்கள்.

பாதிச் சீட்டுகளுக்கு மேல் ஒரே குறை, ஆர்மோனியச் சத்தத்தில் பாட்டு வரிகள் புரியவில்லை. ஆர்மோனியப் பெட்டிக்கு வைத்திருந்த மைக்கை எடுத்தோம். அடுத்த முறை கடைசி வரிசை வரை சொல் தெளிவாகக் கேட்டது.

எதிர்பாராதது ஒன்று உண்டு. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் இந்த நாடகம் விடிய விடிய நடப்பது. நாங்கள் 2 மணி நேரமாகச் சுருக்கியிருந்தோம். அதுவே நீளம் என்பார்கள் என்று பயந்தேன். ஆனால் நாரதரும் வள்ளியும் பாட்டிலும் பேச்சிலும் வாதாடும் தர்க்கத்தை ஏன் வெட்டினீர்கள் என்று பெரியவர்கள் வருத்தப்பட்டு எழுதியிருந்தார்கள். சரிதான், நாடகத்தின் உயிரே அந்தத் தர்க்கம்தான். இப்போது அதற்கு 20 நிமிடம் கூட்டியிருக்கிறோம்.