சின்ன நீர்மூழ்கி ரோபோவுக்கு டிவிஎல் (நீருக்கடியில் வேகம் அளக்கும் கருவி) யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம். முட்டம், குளச்சல் பக்கம் கடலடிப் பாறைகளில் சிக்கி அறுந்து கிடக்கும் வலைகளைத் தேடிக் குறிக்க ஒரு சின்ன ரோபோ செய்து வருகிறோம். கேமரா, விளக்கு, ஆழம் பார்க்கும் அழுத்த சென்சார் எல்லாம் சரி. வலையைக் கண்டாலும் அது கிடக்கும் இடத்தைச் சரியாகச் சொல்ல முடியவில்லை.

கடல்நீருக்குள் ஜிபிஎஸ் எடுக்காது. முடுக்கத்தையும் சுழற்சியையும் அளக்கும் ஐஎம்யூ சென்சாரை மட்டும் நம்பினால், இடத்தைக் கண்டுபிடிக்க முடுக்கத்தை இரண்டு முறை தொகையிட வேண்டியிருப்பதால் சின்னப் பிழைகூட மளமளவென்று பெருகிவிடும். திசைகாட்டியையோ மோட்டார்களின் காந்தப்புலம் இழுக்கிறது.

டிவிஎல் கடல்தரையை நோக்கி ஒலி அனுப்பி, எதிரொலியின் டாப்ளர் மாற்றத்தை (நகர்வதால் ஒலியின் அதிர்வெண் மாறுவதை) வைத்து வேகத்தைத் தரும்; அதிலிருந்து இடத்தைக் கணக்கிடலாம். எங்களுக்கு வேண்டியது அதுதான். வாட்டர் லிங்க்டு நிறுவனத்தின் ஏ50 டிவிஎல் உள்ளங்கைக்குள் அடங்கும், ஆனால் விலை சில லட்சம். அது எங்களுக்கு எட்டாது.

பழைய டிவிஎல் விற்பவர்கள், சில நாள் வாடகைக்குத் தரும் கல்லூரி ஆய்வகங்கள் தெரிந்தால் சொல்லுங்கள். அப்புறம், கீழ்நோக்கிய கேமராவில் ஆப்டிகல் ஃப்ளோ (அடுத்தடுத்த படங்களில் தரை நகர்வதை வைத்து நகர்வைக் கணக்கிடும் முறை) ஓட்டிப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? தென்மேற்குப் பருவக்காலக் கலங்கலில் அது தாங்குமா? நாகர்கோவில் சுற்றுவட்டாரம் என்றால் ரோபோவோடு நேரிலேயே வந்துவிடுகிறோம்.