புதுப்பிப்பு: பாட்டியின் பூத்தையல் உறைகள் சுவரேறிவிட்டன

டிரங்குப் பெட்டியில் பழுப்பேறிக் கிடந்த பாட்டியின் இரண்டு தலையணை உறைகளைக் குறைந்த செலவில் கூடத்தில் மாட்டுவது எப்படி என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

ஈரமான வெள்ளைத் துணியை ஒவ்வொரு நூலின் மேலும் அழுத்திப் பார்க்கச் சொன்னவருக்குத் தனியாக ஒரு கும்பிடு. மயில் உறையில் எந்த நிறமும் ஒட்டவில்லை. ரோஜா உறையில் சிவப்பு இறங்கியது. அதை நனைக்கவே இல்லை, மெல்லிய பிரஷ்ஷால் தூசி மட்டும் தட்டினேன். மயிலைப் பச்சைத் தண்ணீரில் பட்டுக்குப் போடும் திரவ சோப்பு கலந்து ஊறவைத்தேன். மூன்று முறை மாற்றியும் தண்ணீர் டீ நிறம்தான்! துருக்கறைக்கு எலுமிச்சையும் உப்பும் போட்டதில் முக்கால்வாசி போனது. நன்றாக அலசி, நிழலில் விரித்து உலர்த்தினேன்.

பசை வேண்டாம் என்றீர்கள். அதனால் தாத்தாவின் பழைய வேட்டித் துண்டை அட்டையில் இழுத்துக் கட்டி, அதன்மேல் உறையைத் தைத்தேன். சட்டங்கள் பரணில் கிடந்தவை. கண்ணாடி நூலில் படாமலிருக்க ஓரத்தில் அட்டைப் பட்டை வைத்தேன். கண்ணாடிக்கும் அட்டைக்கும் சேர்த்து 430 ரூபாய். வெயில் படாத சுவர்தான்.

எதிர்பாராதது: மயில் உறையைத் திருப்பினால், மூலையில் சங்கிலித் தையலில் குட்டியாக 'ச'. பாட்டியின் பெயர் அதில் தொடங்காது. "அது பெரியபாட்டி போட்டது" என்கிறாள் அம்மா.