வீட்டிலிருந்து படிக்கும் மகன்: இணைந்த கணிதத்தில் எதை விடலாம்?

கொக்குவில் அம்மா:
மகனுக்குப் பதினேழு வயது. சாதாரண தரத்துக்குப் பிறகு உடம்பு முடியாமல் பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. வீட்டிலிருந்தே படித்து உயர்தரம் எழுதப் போகிறான், தனிப்பட்ட பரீட்சார்த்தியாக. ரியூசனும் இல்லை. இணைந்த கணிதம் முழுவதையும் முடிக்க நேரம் காணாது. கணினிப் பக்கம் போகத்தான் விருப்பம். எந்தப் பாடங்களை விடலாம்?

நல்லூர் வீதி:
அக்கா, வழி இருக்கிறது. இரண்டு வினாத்தாளிலும் பகுதி ஆ-வில் ஏழு வினா வரும், ஐந்து செய்தால் போதும். ஒன்றுக்கு 150 புள்ளி. நான் எளிமை இசை இயக்கத்தையும் (வில்லில் தொங்குகிற பொருள் போல அலைகிற இயக்கம்) சட்டப்படல்களையும் (கோல்களை மூட்டிய சட்டகங்கள்) தொடாமலே எழுதினேன். சட்டப்படலில் விசைகளை எழுத்துகளால் குறித்துக் கீறுகிற போவின் குறிப்பீடு 1873இல் சட்டகம் கட்டுகிற பொறியியலாளர்களுக்காக வந்தது. கணினி படிக்கிற பெடியனுக்கு எதற்கு?

பருத்தித்துறை ஆசிரியர்:
பகுதி அ-வை மறந்துவிட்டீர்கள். அங்கே பத்து வினா, தலா 25, பத்தும் கட்டாயம். விட்ட பாடம் அங்கே வந்து நிற்கும். ஏழில் ஐந்து என்பது மண்டபத்தில் இருந்து தெரிவு செய்யத் தந்த சலுகை. அதை வீட்டிலேயே செலவழித்துவிட்டுப் போனால், மிச்ச ஐந்தில் ஒன்று கரடுமுரடாக வரும்போது என்ன செய்வான்? பாடங்கள் ஒன்றோடொன்று கொளுவியும் கிடக்கின்றன. பகுதிப் பின்னம் விளங்காவிட்டால் தொடர்களிலும் தடக்குவான், தொகையிடலிலும் தடக்குவான். தொகையிடல் போனால் இரண்டாம் தாளில் புவியீர்ப்பு மையமும் போச்சு. அரைக்கோளத்துக்கு நிறுவச் சொன்னால் தொகையிடத்தானே வேண்டும்?

நல்லூர் வீதி:
சேர், தொகையிடலை விடச் சொன்னது யார்? நான் சொன்ன இரண்டையும் வெட்டினால் வேறு பாடம் வாடாது.

பருத்தித்துறை ஆசிரியர்:
சரி, சட்டப்படலை விட்டுத் தருகிறேன். மற்றதைத் தர மாட்டேன். வகையிடலை இரண்டு தரம் செய்யத் தெரிந்தவனுக்கு எளிமை இசை இயக்கம் ஒரு கிழமை வேலை.

இணுவில் கணினி:
இருவரும் நிகழ்தகவைப் பற்றிக் கதைக்கவே இல்லை. இரண்டாம் தாளின் கடைசி வினா என்பதாலோ என்னவோ, பலர் அதைக் கடைசி மாதத்துக்குத் தள்ளி வைக்கிறார்கள். கணினிக்குப் போகிறவன் நிகழ்தகவில் வரும் பேயசின் தேற்றத்தையும், எண்களை நிரை நிரலாக அடுக்குகிற தாயங்களையும் விடவே கூடாது, நாளைக்கு இயந்திரக் கற்றல் என்று வந்தால் அவைதான் அத்திவாரம். முதலாம் தாளில் தாயமும் சிக்கலெண்ணும் பெரும்பாலும் ஒரே வினாவுக்குள் வரும். ஒன்றை விட்டால் பாதி போகும்.

இன்னொன்று, லண்டன் உயர்தரத்தை யோசித்தீர்களா? எடெக்செல் சர்வதேசக் கணிதத்தில் ஆறு அலகு, பிரித்துப் பிரித்து எழுதலாம். தாயங்கள் அதில் இல்லை, மேற்கணிதத்தில்தான் வரும். ஆனால் காசு வேண்டும். இங்கே அரச பல்கலைக்கழகம் என்றால் உள்ளூர் உயர்தரத்தில் பாடங்களை ஒப்பிடும்படி கணிக்கிற இஸட் புள்ளியைத்தான் பார்ப்பார்கள்.

கொக்குவில் அம்மா:
லண்டனுக்கு வசதி இல்லைத் தம்பி. எல்லாவற்றையும் மகனுக்கு வாசித்துக் காட்டினேன். சட்டப்படல்தான் தனக்குப் பிடித்ததாம், படம் கீறலாமாம். விடுவதென்றால் சிக்கலெண்ணை விடுகிறானாம். சேர், என்ன சொல்கிறீர்கள்?

பருத்தித்துறை ஆசிரியர்:
கீறட்டும். சிக்கலெண்ணுக்கு முன் இணுவில் தம்பி எழுதியதை இன்னொரு தரம் வாசிக்கச் சொல்லுங்கள். சிக்கலெண்களைத் தளத்தில் புள்ளிகளாகக் குறிக்கிற ஆகண்ட் வரிப்படமும் கீறுகிற வேலைதான் என்றும் சொல்லுங்கள்.