மண்டபம் ஊரில் (ராமேசுவரம் பக்கம்) வாடகை வீடு: டைல்ஸ் போடலாமா?

கேள்வி:
அப்பா கட்டிய வீடு, கடற்கரைக்குப் பக்கம். வாடகை 4,500 ரூபாய். கையில் 40,000 இருக்கிறது. டைல்ஸ் போட்டால் ஆயிரம் கூட்டிக் கேட்கலாமா?

பதில் (பாம்பன், பிளம்பர்):
டைல்ஸை விடுங்கள் அண்ணே. உப்புக்காற்று முதலில் தின்பது இரும்புக் குழாயையும் ஜன்னல் கம்பியையும்தான். சிபிவிசி என்னும் துருப்பிடிக்காத பிளாஸ்டிக் குழாய்க்கு மாறுங்கள். தண்ணீர் திறக்கும் டேப்புகளும் பிளாஸ்டிக்கே போதும். பளபளப்புக்கு ஆசைப்பட்டு என் வீட்டில் போட்ட உலோக டேப்புகள் இரண்டே வருடத்தில் பச்சை பூத்துவிட்டன. மிச்சத்தில் நல்ல தண்ணீருக்குத் தனித் தொட்டி வையுங்கள். குடிநீரைக் குடம் குடமாக விலைக்கு வாங்கும் ஊர். குடிவருபவர் அதைத்தான் பார்ப்பார்.

பதில் (கீழக்கரை):
மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சும் கொசுவலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் புரியும்.

கேட்டவர்:
தொட்டி யோசனை எனக்குத் தோன்றவே இல்லை. நாளைக்கே விலை கேட்கிறேன்.