பழைய பாம்பன் பாலத்தில் ரயிலில் போயிருக்கிறீர்களா? அனுபவத்தைச் சொல்லுங்கள்

மதுரைக்காரன்:
மதுரை - ராமேஸ்வரம் பாசஞ்சர்தான் நம்ம வண்டி. பாலத்துக்கு முந்தின மண்டபம் ஸ்டேஷன் தாண்டியதும் பெட்டியே ஜன்னல் பக்கம் சாயும். வேகம் 10 கிலோமீட்டருக்கு இறங்கிவிடும். பாலத்துக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. தண்டவாளத்தைத் தாங்குகிற இரும்பு உத்திரமான கர்டரும் பெட்டிக்கு அடியில் மறைந்துவிடுவதால் ஜன்னலில் எட்டிப் பார்த்தால் நேரே தண்ணீர்தான். காசு எறிகிறவர்கள் ஒரு பக்கம், கோவிந்தா போடுகிறவர்கள் ஒரு பக்கம். பிள்ளைகளைவிடப் பெரியவர்கள் சத்தம்தான் அதிகம்.

காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் விழாது. ஆடிக்காற்றில் ஒருமுறை மண்டபத்திலேயே உட்கார வைத்துவிட்டார்கள். சுண்டல் விற்கிறவருக்கு அன்றைக்கு நல்ல வியாபாரம்.

1914-ல் திறந்த பாலம். 1964 புயலில் மொத்தமாகப் போய், ரயில்வே இன்ஜினியர் ஸ்ரீதரன் 46 நாளில் திரும்பக் கட்டினார் என்று வீட்டில் சொல்லுவார்கள்.

பாம்பன்வாசி:
மொத்தமாகப் போகவில்லை அண்ணே. கர்டர்களில் பெரும்பாலானவை அடித்துக்கொண்டு போய்விட்டன. நடுவில் இருக்கிற தூக்குப்பாலம் அசையாமல் நின்றது. கடலுக்குள் கிடந்த கர்டர்களைத் தேடி எடுத்து மறுபடி மாட்டினார்கள்.

எங்கள் ஊரில் ரயிலைப் பற்றி அவ்வளவாகப் பேச்சு இருக்காது. "இன்னைக்குத் தூக்குறாங்களா?" என்பதுதான் கேள்வி. வள்ளம் அடியிலேயே போய்விடும். கப்பல், பார்ஜ் என்கிற சரக்கு மிதவை, பெரிய விசைப்படகு எல்லாம் தென்கடலிலிருந்து வடகடலுக்குப் போக நங்கூரம் போட்டுக் காத்துக்கிடக்கும். ரயில் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் திறப்பார்கள்.

மோட்டார் எதுவும் கிடையாது. இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று, நீளமான இரும்புக் கம்பியை நெஞ்சைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டே சுற்றிச் சுற்றி வருவார்கள். பல்சக்கரம் கடகடவென்று சத்தம் போடும், பாலமோ கொஞ்ச நேரத்துக்கு அசைந்த மாதிரியே இருக்காது. பிறகு நடுவில் ஒரு கோடு விழும். அந்த இடைவெளி விரிந்து, இரண்டு பாதியும் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து எழும்பும். கடைசிப் படகு போனதும் அதே ஆட்கள் அதே மாதிரி சுற்றி இறக்க வேண்டும். சட்டை பிழியப் பிழிய நனைந்திருக்கும். ரயிலில் போனவர்கள் பெரும்பாலும் இதைப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

சென்னை சேது:
நான் எப்போதும் சேது எக்ஸ்பிரஸ். விடிவதற்குள் பாலம் தாண்டிவிடும், சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்வேன். ஒருமுறையாவது பகலில் போகணும் என்று இருந்தேன், 2022 டிசம்பரில் போக்குவரத்தையே நிறுத்திவிட்டார்கள். பிறகு மண்டபத்தில் இறங்கி பஸ் பிடித்துப் போனதுதான்.

2025 ஏப்ரலில் திறந்த புதுப்பாலத்தில் போயாச்சு. 72.5 மீட்டர் நீளத் துண்டை அப்படியே லிஃப்ட் மாதிரி மேலே தூக்குகிறார்கள், எல்லாம் மோட்டார். வசதிதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வண்டி விறுவிறுவென்று போய்விடுகிறது. டீயை வாங்கிக் குடித்து முடிப்பதற்குள் பாம்பன்.

பாம்பன்வாசி:
பழையதைப் பிரிக்கப் போவதாகச் செய்தி வந்தது, பார்க்க நினைப்பவர்கள் தள்ளிப்போடாதீர்கள். ரயிலில் ராமேஸ்வரம் போகும்போது வலது பக்க ஜன்னல் பிடியுங்கள். ரோட்டுப் பாலத்தில் என்றால் இடது பக்கம். நடுப்பாலத்தில் காரை நிறுத்தி செல்ஃபி எடுக்க வேண்டாம், பின்னால் வருகிற பஸ்காரர் சும்மா விடமாட்டார்.